இனிப்பே போடாத ஜவ்வரிசியில் சர்க்கரை எப்படி ஏறுகிறது?

கேள்வி: வயது 54. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை விரதத்தில் அரிசிச் சோறு தொடுவதில்லை. காலையில் பட்டினி, மதியம் ஜவ்வரிசி உப்புமா அல்லது கஞ்சி. இனிப்பே போடுவதில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 260 காட்டுகிறது. மீட்டர் கோளாறா? - வாசகி, ஆத்தூர்.

பதில்: மீட்டரைக் குறை சொல்ல முடியாதம்மா. ஆத்தூரில் இருக்கிறீர்கள், ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தோல் சீவி, கழுவி, அரைத்து, சல்லடையில் அலசுகிறார்கள். நாரெல்லாம் திப்பியாக ஒதுங்கி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. கிழங்குப் பால் தொட்டியில் தெளிந்து, அடியில் மாவு படிகிறது. அந்த ஈர மாவை மணியாக உருட்டி, சூட்டில் பதப்படுத்தி, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. நல்லதை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வெறும் ஸ்டார்ச்சை நாம் வைத்துக்கொள்கிறோம் என்றுகூடச் சொல்லலாம்! 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. அரிசியிலாவது 6, 7 கிராம் உண்டு.

ஸ்டார்ச் என்பது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. நாக்குக்கு இனிக்காது, ஆனால் உமிழ்நீர் பட்டதுமே அறுபடத் தொடங்கி, சிறுகுடலில் குளுக்கோஸாகவே ரத்தத்தில் சேரும். குழைய வேகவைத்த கஞ்சி என்றால் இன்னும் வேகம். அதனால் கஞ்சியை விட்டுவிடுங்கள். உப்புமா வேண்டுமானால் காய்ந்த ஜவ்வரிசி 30 கிராமுக்குள் எடுத்து, அதைவிட அதிகமாகக் காய்கறி சேர்த்து, ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் போடுங்கள். விரதத்துக்கு ஒத்துவந்தால் பாசிப்பயறுச் சுண்டல் இதைவிட நல்லது.

எனக்கு 260-ஐ விடப் பெரிய கவலை உங்கள் காலைப் பட்டினிதான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். விரத நாளில் எதை, எப்போது போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் விரதத்தை அங்கேயே முடித்துவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.