கோழிப்பண்ணை சென்சார்: மெமரியைக் கூட்டினால் எச்சரிக்கை சீக்கிரம் வருமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஷெட்டுகளில் உள்ள 24 ஒயர்லெஸ் சென்சார் நோடுகள் நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையை அனுப்புகின்றன. சூடு ஏறினால் போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும். பல நாள் தாமதமாக வருகிறது, சில நாள் வருவதே இல்லை. 10 கேபி மெமரி போதாது, பெரிய நோடாக மாற்றுங்கள் என்கிறார் டீலர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். மாற்றினால் எச்சரிக்கை இன்னும் தாமதமாகத்தான் வரும்.

நீங்கள் அனுப்பிய செட்டிங்கைப் பார்த்தேன். 24 நோடுகளின் தகவலும் கேட்வேக்கு (தகவலை வாங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் பெட்டி) பக்கத்தில் இருக்கும் ஒரே நோடு வழியாகத்தான் போகிறது. பேட்டரியை மிச்சப்படுத்த, அந்த நோடு 5 வினாடிக்கு ஒரு பாக்கெட்தான் (ஒரு தகவல் பொட்டலம்) வெளியே தள்ளுகிறது. அதாவது நிமிடத்துக்கு 24 வருகிறது, 12 போகிறது. 10 கேபியில் மென்பொருளுக்குப் போக 4 கேபி, காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டுக்கு 128 பைட் ஒதுக்கினால் 32 இடம். மூன்று நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். அதற்கப்புறம் வருகிற பாக்கெட்டுகளில் பாதி கீழே விழும். உங்கள் எச்சரிக்கையும் அதில் ஒன்றாக இருக்கலாம். இடம் கிடைத்தாலும் அதையும் சேர்த்து வரிசையில் நிற்கிற 32 பாக்கெட்டும் போய் முடிய 2 நிமிடம் 40 வினாடி ஆகும்.

வரிசையை 64 இடமாக்கினால் நிரம்ப ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அவ்வளவுதான். காத்திருப்பு 5 நிமிடம் 20 வினாடியாகிவிடும். திடீர் நெரிசலைத் தாங்கத்தான் பஃபர் என்கிற இந்த வரிசை. நாள் முழுக்க வரவு அதிகம், போக்கு குறைவு என்றால் எந்த மெமரியும் உதவாது.

செய்ய வேண்டியது இதுதான். சாதாரண அளவீடுகளைப் பத்துப் பத்தாக ஒரே பாக்கெட்டில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு அளவீடு 6 பைட் என்றால் பத்தும் 60 பைட்தான்; ஒரே தடவையில் அனுப்பக்கூடிய 127 பைட் ஃபிரேமில் தாராளமாக அடங்கும். நிமிடத்துக்கு 24 வந்த இடத்தில் இரண்டு மூன்றுதான் வரும். எச்சரிக்கையை மட்டும் கட்டாமல் உடனே அனுப்ப வேண்டும். வரிசையில் நான்கு இடம் அதற்கென்றே காலியாக இருக்க வேண்டும், வந்ததும் முன்னால் நிற்க வேண்டும். இடம் போதாவிட்டால் பழைய சாதாரண அளவீட்டைத் தூக்கிப் போடட்டும். எல்லாம் மென்பொருள் மாற்றம்தான், புது நோடு தேவையில்லை.

"மெமரி கார்டு சொருகித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த வரிசை இருக்கும் ரேம் மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. கார்டு சொருகி அதைக் கூட்ட முடியாது. கார்டு எழுதும்போது மின்சாரத்தை இழுத்து உங்கள் பேட்டரியைத்தான் காலி செய்யும். இதைத் தெரிந்தே விற்கிறவர்களைப் பல பண்ணைகளில் பார்த்துவிட்டேன். நான் பார்த்த டெண்டர்களும் அப்படித்தான்: எத்தனை நோடு, எத்தனை கேபி என்று கேட்கும், எச்சரிக்கை எத்தனை வினாடியில் வர வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. கோழி செத்தால் யார் பொறுப்பு?

ஒரே ஒரு இடத்தில் கூடுதல் சேமிப்பு வேண்டும்: கரண்ட் போய் கேட்வே நின்றுவிடும்போது. அப்போது அளவீடுகளை ரேமில் வைக்காதீர்கள், மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத ஃபிளாஷ் மெமரியில் எழுதுங்கள். ஒரு நோடுக்கு ஒரு நாளைக்கு 1,440 அளவீடு, 8,640 பைட், அதாவது 9 கேபிகூட இல்லை. கல்லூரி ஆய்வகங்களில் பழகிய டெலாஸ்-பி நோடிலேயே 10 கேபி ரேமுடன் தனியாக 1 எம்பி ஃபிளாஷ் உண்டு. உங்கள் நோடிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கரண்ட் வந்ததும் 24 நோடும் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டினால் பழைய நெரிசல்தான். புதிய அளவீடு முதலில் போகட்டும், பழையது இரவு முழுக்க மெல்ல மெல்லப் போகட்டும். அந்த நேரத்திலும் எச்சரிக்கைக்கான நான்கு இடத்தைத் தொடக் கூடாது. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடும் முன், எல்லா நோடும் ஓடும்போது கடைசி ஷெட்டின் சென்சாரில் ஹேர் டிரையரைக் காட்டுங்கள். திரையில் எண் எல்லையைத் தாண்டிய வினாடியிலிருந்து போன் அடிக்கும்வரை ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். மூன்று முறை. ஒன்றில் நீங்கள் கேட்ட வினாடியைத் தாண்டினாலும் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.