இம்யூனோதெரபி புற்றுநோயை எப்படி எதிர்க்கிறது? நோய் எதிர்ப்புச் சக்தியை நாமே கூட்டிக்கொண்டால் போதாதா?

கேள்வியின் இரண்டாவது பாதியைப் படித்ததும் சும்மா போக முடியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்கோ டாக்டர் இம்யூனோதெரபி எழுதியிருக்கிறார், அதற்குள் ஒரு சித்தப்பாவோ மாமாவோ "எதிர்ப்புச் சக்திதானே, நாமே ஏத்திக்கலாம்" என்று பொடி டப்பாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறார், அப்படித்தானே? எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று. காலம்காலமாகப் பீடி. வலி எதுவும் இல்லாமல் யூரினில் ரத்தம் போனது, அதுதான் முதல் அறிகுறி. டியூப் வழியாகவே உள்ளே போய்க் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள், நல்லவேளை தசை வரை பரவவில்லை. அப்புறம் டாக்டர் எழுதியது பிசிஜி, அதுவும் எதிர்ப்புச் சக்தியைப் புற்றின்மேல் திருப்பிவிடும் இம்யூனோதெரபிதான். ஆமாம், பிறந்த குழந்தைக்குக் காசநோய் வராமலிருக்கக் கையில் போடுகிறார்களே, அதேதான், அளவு மட்டும் ரொம்ப அதிகம். அப்பா சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டி, "எனக்குத்தான் சின்ன வயசுலயே போட்டாச்சே டாக்டர்" என்றார்.

மெல்லிய டியூப் வழியாக மருந்தை நேராகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். ஒவ்வொரு முறை விட்டபின்னும் ஆறு மணி நேரத்துக்கு ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், போனபின் பிளீச்சிங் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உள்ளே விட்டது உயிருள்ள கிருமி.

புற்றுசெல் வெளியிலிருந்து வந்ததில்லை, நம் உடம்பின் செல்தான். வீட்டு ஆள் மாதிரி நடமாடுவதால் வெள்ளணுக்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. பலம் இல்லாமல் இல்லை, பார்வை அந்தப் பக்கம் போகவில்லை. பிசிஜி போய்ச் சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டியதும் அங்கே வெள்ளணுக்கள் திரண்டு வந்து, கிருமியோடு சேர்த்துப் புற்றுசெல்லையும் தாக்குகின்றன. 1976-இல் கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் வெளியிட்ட முறை, இன்னும் நடப்பில் இருக்கிறது.

இப்போது எல்லோரும் பேசும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஊசிகளின் வழி வேறு. வெள்ளணுக்களில் ஒரு வகை டி செல். அதில் பிடி-1 என்று ஒரு புரதம் உண்டு, அதைத் தொட்டால் டி செல் அடங்கிவிடும். பல புற்றுக்கட்டிகள் அதைத் தொட்டே தப்பிக்கின்றன. இந்த ஊசி அந்தத் தொடர்பைத் தடுக்கிறது. டி செல்லை அடக்கும் இப்படிப்பட்ட தடைகளை நீக்கும் வழியைத் திறந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. ஆனால் அடங்காத டி செல் சில நேரம் தைராய்டு, நுரையீரல், குடல் என்று நல்ல உறுப்புகளையும் தாக்கும், அப்போது ஸ்டீராய்டு கொடுத்து அதை அடக்க வேண்டியிருக்கும். "ஏத்திக்கிட்டே போனா நல்லது" என்கிற சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

உடனே யாராவது கீழே வந்து சண்டை பிடிப்பீர்கள், தெரியும். நான் டாக்டர் இல்லை, சித்த மருத்துவத்துக்கு எதிரியும் இல்லை, காய்ச்சலுக்கு நானே நிலவேம்பு குடிப்பவள்தான். அப்பாவுக்குச் சரியானது போல எல்லோருக்கும் ஆகும் என்றும் சொல்லவில்லை.

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது வேறொன்றில். மருந்து போட்ட பிறகு எரிச்சலும் அடிக்கடி போக வேண்டிய அவசரமும் இருக்கும். அந்த நிலையில் அப்பாவோடு பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும். பஸ் நிலையக் கழிப்பறையில் தண்ணீர் கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, ஆனால் வாசலில் மேஜை போட்டுக் காசு வாங்க மட்டும் ஒரு ஆள். உட்கார்ந்து போகச் சொன்னார்கள் என்றால் அதற்குத் தனி ரேட்டாம்! பிளீச்சிங் பாட்டிலைக் கைப்பையில் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

செலவை நினைத்துப் பயந்திருந்தால் ஒன்று: தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு மும்பை டாடா மெமோரியலில் நிவோலுமாபை 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16 சதவீதம், இந்த ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 43 சதவீதம். உங்கள் வீட்டில் எந்த இடத்தில் புற்று என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வகை என்றால், குறைந்த அளவு பொருந்துமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.