மாட்டு வைத்தியத்துல நானோ: கடலூர், பாண்டி பக்கத்து கேள்விகளும் பதில்களும்

நானோ மருந்து பத்தி கேளுங்கன்னு சொன்னதும் மாடு, ஆடு, நாய், இறால்னு எல்லா பக்கத்துலேர்ந்தும் கேள்வி வந்துருச்சு, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேர்த்துட்டேன். நான் பாகூர் பக்கம் மாடு பாக்குற டாக்டர், அதனால கறவை மாட்டுக்குதான் பதில் கொஞ்சம் நீளமா இருக்கும்.

நெல்லிக்குப்பத்துலேர்ந்து ஒரு அண்ணன்: தீவனக் கடையில எந்த பாட்டில எடுத்தாலும் நானோன்னு போட்டிருக்கான் சார், அது என்ன மருந்து?

அது மருந்து பேரு இல்லண்ணே, அளவு. ஒரு மீட்டரை நூறு கோடி பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் 1 நானோமீட்டர், பொதுவா 1லேர்ந்து 100 நானோமீட்டர் வரைக்கும் உள்ள துகளைத்தான் நானோன்னு சொல்றோம். நம்ம தலைமுடியோட தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் வரும், கோமாரி வைரஸ் வெறும் 30 தான். அவ்ளோ பொடியாக்குனா அதே எடைக்கு மேற்பரப்பு பல மடங்கு ஆயிடும், அதனால பொருளோட குணமே மாறும். இன்னொரு வேலை, மருந்தை சுமந்துட்டு போறது. சாதா ஊசி மருந்து பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடுற மாதிரின்னா நானோ கூட்டுக்குள்ள வச்ச மருந்து ஆட்டோவுல வீட்டு வாசல்ல இறக்குற மாதிரி. ஆனா உள்ள என்ன மருந்து இருக்குங்கறதுதான் முக்கியம், அத எழுதாம வெறும் நானோன்னு மட்டும் போட்டிருந்தா அந்த பாட்டில் வேண்டாம்.

வில்லியனூர் அக்கா: கலப்பின பசுவுக்கு மடி நோய் திரும்ப திரும்ப வருது. நானோ வெள்ளி ஸ்ப்ரே ஆன்லைன்ல பாத்தேன், காம்புக்குள்ள விடலாமா?

விடாதீங்க அக்கா, காம்புத் துளைக்குள்ள டாக்டர் குடுக்காத எதுவுமே போகக்கூடாது. ஏன் திரும்ப திரும்ப வருதுன்னு முதல்ல சொல்லிடறேன். மடி நோய் கிருமியில ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒண்ணு இருக்கு, அது மடியோட செல்லுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கும், தன்ன சுத்தி ஒரு வழவழப்பான படலமும் கட்டிக்கும், நாம போடற ஆன்டிபயாடிக் அங்க போய் சேர்றதுக்குள்ள கோர்ஸ் முடிஞ்சிடும், பால் நல்லா ஆன மாதிரி தெரியும், கொஞ்ச நாள்ல மறுபடி திரி திரியா வரும். இந்த எடத்துலதான் நானோ மேல எனக்கு நெஜமாவே நம்பிக்கை, மருந்தை செல்லுக்குள்ளயே கொண்டு போய் விடுற மாதிரி கூடுகளை உலகம் பூரா ஆராய்ச்சி பண்றாங்க. வெள்ளித் துகள் கிருமியை கொல்லுங்கறதும் உண்மைதான், ஆனா வெள்ளி ஒரு உலோகம், பால்ல எவ்ளோ இறங்கும், எத்தன நாள் பால் ஊத்தக்கூடாதுன்னு அந்த பாட்டில்ல எழுதியிருக்கானா பாருங்க. எழுதாத வரைக்கும் அந்த பால குழந்தைக்கு குடுக்க எனக்கு மனசு வராது.

இப்ப செய்ய வேண்டியது, சிஎம்டி டெஸ்ட் (பால்ல ஒரு கரைசல கலந்து மடி நோய் இருக்கான்னு பாக்கறது) பண்ணி எந்த காம்புன்னு கண்டுபிடிங்க, எந்த கிருமின்னு தெரிய பால கல்ச்சருக்கு குடுங்க, குருமாம்பேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை கல்லூரி உங்களுக்கு பக்கம்தான். கறந்த உடனே காம்ப கிருமிநாசினி ஊத்துன டிப் கப்புல முக்குங்க, அரை மணி நேரம் மாடு படுக்காம இருக்க தீனி போடுங்க, ஏன்னா காம்புத் துளை மூட அவ்ளோ நேரம் ஆகும். ஆரம்ப நிலைன்னா சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு மடி பூரா ஒரு நாளைக்கு பல தடவ பூசுங்க, இது நம்ம கால்நடை டாக்டருங்களே சொல்லிக் குடுக்கறது. மஞ்சள்ல இருக்க குர்குமின் தண்ணியில கரையாது, உடம்புலயும் சரியா சேராது, அதனால அதையே நானோ அளவுக்கு கொண்டு வர்ற வேலையும் நடக்குது. அது மருந்தா வந்தா முதல் ஆளா நான் எழுதிக் குடுப்பேன்.

காட்டுமன்னார்கோயில் தம்பி: வைக்கோல்ல யூரியா தெளிச்சு ஊற வைக்கிறோமே, அதுக்கு பதிலா நானோ யூரியா தெளிக்கலாமா?

கூடவே கூடாது தம்பி. நானோ யூரியா பயிரோட இலையில தெளிக்கறதுக்கு செஞ்சது, தீவனம் இல்ல. 2021ல வந்த அரை லிட்டர் பாட்டில்ல நைட்ரஜனே 4 சதவீதம்தான், வைக்கோலுக்கு அது எந்த மூலைக்கும் பத்தாது. பழைய முறையே போங்க, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ சாதா யூரியா தண்ணியில முழுசா கரைச்சு தெளிச்சு, காத்து போகாம மூடி 21 நாள், அப்புறம் ஆற விட்டு போடுங்க. ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்குட்டிக்கு போடாதீங்க.

லாஸ்பேட்டை: நாய்க்கு பார்வோ (ரத்தக்கழிச்சல் வைரஸ்) கிட்ல டெஸ்ட் எடுத்தாங்க, அதுலயும் நானோ இருக்காமே?

ஆமா, இதுதான் உங்க கை வரைக்கும் ஏற்கெனவே வந்துட்ட நானோ! கிட்ல தெரியுற செவப்பு கோடு பெரும்பாலும் தங்கத் துகள், அந்த சின்ன அளவுல தங்கம் மஞ்சளா தெரியாது, செவப்பாதான் தெரியும். ஒரு விஷயம், ஒத்தக் கோடுதான் வந்துச்சு, நோய் இல்லன்னு நிம்மதியாகிடாதீங்க, வாந்தியும் ரத்தக்கழிச்சலும் இருந்தா டாக்டர் டிரிப்ஸ் போட சொன்னா போடுங்க, சில நேரம் கிட்ல மாட்டாமலும் போகும்.

அதே ஊர்லேர்ந்து இன்னொருத்தர்: நாய் கேன்சருக்கு?

அமெரிக்காவுல 2014ல பாக்லிடாக்செல் மருந்தை நானோ வடிவத்துல நாய்களோட மார்புக் கட்டிக்கு நிபந்தனையோட அனுமதிச்சாங்க, அப்புறம் கம்பெனியே அத திரும்ப எடுத்துக்குச்சு. நீங்க இப்ப காத்திருக்க வேண்டாம், கட்டி சின்னதா இருக்கும்போதே ஆபரேஷன் பண்ணிடுங்க.

விருத்தாசலம்: செம்மறிக்கு நானோ தாது உப்பு குடுத்தா எடை ஏறுமா?

நானோ துத்தநாகம் கம்மி அளவுலயே உடம்புல நல்லா சேருதுன்னு ஆய்வுகள் இருக்கு. ஐரோப்பாவுல 2022 ஜூன்லேர்ந்து பன்னிக்குட்டி கழிச்சலுக்கு துத்தநாக ஆக்ஸைடை மருந்து அளவுல அள்ளிப் போடறத தடை பண்ணதால இதுக்கு தேவையும் கூடிடுச்சு. ஆனா உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேற, லேபிள்ல தாமிரம் எவ்ளோன்னு பாருங்க. செம்மறி ஆட்டுக்கு தாமிரம் சேர்ந்துக்கிட்டே போயி ஈரல கெடுத்து திடீர்னு செத்துப் போகும், மாட்டுக்குன்னு செஞ்ச தாது உப்ப ஆட்டுக்கு போடாதீங்க, அது நானோவா இருந்தாலும் சரி சாதாவா இருந்தாலும் சரி.

குறிஞ்சிப்பாடி: கோமாரிக்கு நானோ தடுப்பூசி வருதாமே, அது வரைக்கும் இப்ப போடற ஊசிய நிறுத்தலாமா, ஊசி போட்டா பால் கொறையுது.

நிறுத்தாதீங்கண்ணே, தயவு செஞ்சு. பால் கொறையறது ஒரு ரெண்டு நாள், கோமாரி வந்தா அந்த ஈத்தே போச்சு. வைரஸோட வெறும் ஓட்ட மட்டும் நானோ அளவுல செஞ்சு உள்ள ஒண்ணும் இல்லாம ஊசியா போடற ஆராய்ச்சி நடக்குது, அது பெருகவே முடியாதுங்கறதால பாதுகாப்பு. இப்ப இருக்க ஊசியை 2லேர்ந்து 8 டிகிரியில வச்சே கொண்டு வரணும், அதனால ஐஸ் பாக்ஸோட வர்றாங்களான்னு பாத்துக்குங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போடுங்க.

பரங்கிப்பேட்டை: இறால் ஓட்டுலேர்ந்து நானோ மருந்துன்னு படிச்சேன், நெஜமா?

நெஜம்தான். இறால், நண்டு ஓட்டுல கைட்டின் இருக்கு, அதுலேர்ந்து கைட்டோசான் எடுப்பாங்க, அது ஈரமான சவ்வுல ஒட்டிக்கும். அதனால கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்த கைட்டோசான் நானோ துகளுக்குள்ள வச்சு மூக்கு வழியா குடுத்து பாத்திருக்காங்க, மீனுக்கும் தீவனத்தோட குடுக்க முயற்சி நடக்குது. உங்க துறைமுகத்துல கொட்டுற ஓட்டுக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு நெனச்சா எனக்கே ஆசையா இருக்கு. உங்க பசங்க யாராவது பயோடெக் படிச்சா இத ப்ராஜெக்டா எடுக்க சொல்லுங்க, ஓடு கெடாம எப்படி சேகரிக்கறதுன்னு உங்களவிட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்ல.