அந்தப் பாட்டில் பேசும் ஆண்குரல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இசைத் தம்பதி ஐக் - டீனா டர்னரின் ‘இட்ஸ் கோனா வொர்க் அவுட் ஃபைன்’ பாட்டைத் தேடிக் கேட்டேன். கல்யாணம் கூடிவரப்போகும் ஜோடியின் கொஞ்சல். பிறகுதான் ஐக் டீனாவை அடித்துத் துன்புறுத்திய கதை தெரிந்தது. இனி அதைக் கேட்க முடியுமென்று தோன்றவில்லை. இவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு 16 வருடம் ஏன் கூடவே பாடினார்? முன்பே விட்டுவிட்டு வந்திருக்கலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

1961இல் வந்த அந்த ரெக்கார்டில் டீனாவோடு கொஞ்சிப் பேசுகிற ஆண் ஐக் இல்லை. கிட்டார் கலைஞர் மிக்கி பேக்கர். உறையில் மட்டும்தான் ஐக் பெயர்.

அந்த வீட்டின் நிஜம் முந்தைய வருடம் வந்த ‘எ ஃபூல் இன் லவ்’ பாட்டில் இருக்கிறது. வேறொரு பாடகருக்காக ஐக் எழுதிய பாட்டு. அவர் வராததால் ஆன்னா மே புல்லக் என்ற இளம்பெண் பாடினார். டீனாவின் இயற்பெயர் அதுதான். பாட்டில் வருபவள், மோசமாக நடத்துகிறவனை விடவும் முடியாமல் தவிக்கிற ஒருத்தி. சுற்றி நின்று அவளைத்தான் முட்டாள் என்கிறது பெண்களின் கோரஸ். அவனை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) இசைக்கான அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு 2ஆம் இடம் வரை போனது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கேள்வியிலும் எனக்கு அந்தக் கோரஸ்தான் கேட்கிறது.

‘டீனா டர்னர்’ என்ற பெயரை ஐக் அவரைக் கேட்காமலே வைத்தார். உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். இவர் போனால் அதே பெயரில் இன்னொருத்தியை நிறுத்தலாம். அந்தப் பெயரும் ஊர் ஊராகப் பாடப் போவதும் வேண்டாமென்று தான் தயங்கியபோது, ஐக் ஷூவின் வடிவம் கெடாமலிருக்க உள்ளே வைக்கும் மரக்கட்டையால் தலையில் அடித்தார் என்று 1986இல் வந்த தன்வரலாற்றில் டீனா சொல்கிறார். இசைக்குழு, ஸ்டுடியோ, வரும்படி எல்லாம் ஐக் கையில். வளர்க்க நான்கு பையன்கள். வேலையும் வீடும் ஒரே ஆளிடம் இருக்கும்போது, எதை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆனாலும் போனார். 1976 ஜூலை, டாலஸ். காரில் வரும்போதே அடி. அன்று அவரும் திருப்பி அடித்தார். ஓட்டலில் ஐக் தூங்கியதும், வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து எதிரிலிருந்த இன்னொரு ஓட்டலுக்கு ஓடினார். கையில் 36 சென்ட்டும், பெட்ரோல் போட உதவும் ஒரு கடன் அட்டையும். 1978இல் விவாகரத்தானபோது பணத்துக்கும் சொத்துக்கும் மல்லுக்கட்டவில்லை. அவர் போய்விட்டதால் ரத்தான நிகழ்ச்சிகளின் கடன்கள் அவர் தலையில் விழுந்தன. விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது ‘டீனா டர்னர்’ என்ற அந்தப் பெயரை மட்டும்தான்.

கேட்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் கேட்கிறேன். அது டீனாவின் உழைப்பு. ஐக் செய்ததற்காக அதையும் ஏன் அவரிடமிருந்து பறிக்க வேண்டும்? ‘எ ஃபூல் இன் லவ்’விலிருந்து தொடங்குங்கள். இந்த முறை கோரஸை விட்டுவிட்டு, அவர் குரலை மட்டும் பின்தொடருங்கள்.