வெங்காயத் தோலில் ஓடுவது எது?

கேள்வி: வெங்காயத்தின் உள்தோலை நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கிப் பார்த்தோம். பளபளக்கும் உருண்டைகள் ஓடுகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா இவைதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பளிச்சென்று, உருவம் மாறாமல் ஓடும் உருண்டைகள் எண்ணெய்த் துளிகள். மைட்டோகாண்ட்ரியா மங்கலானவை, புழுபோல நீண்டு, ஓடும்போதே வளையும். எண்ணெய்த் துளியில் தோய்த்துப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் (கண்ணருகு லென்ஸோடு சேர்த்து மொத்தம் 1000 மடங்கு) இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். ஐயம் தீர, 0.01 சதவீத ஜேனஸ் கிரீன் பி என்ற சாயக் கரைசலில் தோலை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் நீலப்பச்சை நிறம் தங்கும். மற்ற இடங்களில் சாயம் வெளுத்துவிடும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்புக்கு அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனால் மைட்டோகாண்ட்ரியாவும் வெளுக்கும். சாயம் செல்லுக்கு நஞ்சு என்பதால், ஓட்டத்தைச் சாயமிடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சில நேரம் எதுவுமே நகர்வதில்லையே?

பதில்: உரித்த அதிர்ச்சியில் ஓட்டம் நின்றுபோகும். 5 மில்லிமீட்டர் சதுரத் துண்டை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். விளக்கைக் குறையுங்கள், கவர் ஸ்லிப்பை அழுத்தாதீர்கள். நியூக்ளியஸிலிருந்து செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பையான வாக்குவோலைக் கடந்து போகும் மெல்லிய சைட்டோபிளாச இழைகளில் தேடுங்கள். நின்ற இடத்திலேயே நடுங்கினால் அது வெறும் பிரௌனியன் அசைவு, அதாவது சுற்றியுள்ள மூலக்கூறுகள் மோதுவதால் வரும் நடுக்கம். சில மைக்ரான் தூரம் ஒரே போக்கில் ஓடி, நின்று, திரும்பினால்தான் உண்மையான ஓட்டம்.

கேள்வி: இவற்றை இழுத்துச் செல்வது எது?

பதில்: ஆக்டின் என்ற புரத இழைகள் தண்டவாளம், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அதன்மேல் நகரும் மயோசின் XI புரதங்கள் எஞ்சின். ஆக்டினைக் குலைக்கும் லாட்ரன்குலின் பி என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் ஓட்டம் படுத்துவிடும். விலங்குச் செல்களில் நெடுந்தூர ஓட்டம் பெரும்பாலும் மைக்ரோடியூப்யூல் என்ற நுண்குழல்கள் வழியே நடக்கிறது. பாடநூல் படங்கள் பல விலங்குச் செல்லை வைத்தே வரையப்படுவதால், தாவரத்திலும் அப்படித்தான் என்ற குழப்பம் வருகிறது.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும்?

பதில்: சில உரசிவிட்டுப் போகும், சில இணைந்து, பிறகு பிரியும். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வெங்காயச் செல்லிலேயே காட்டினார்கள். ஊதா ஒளி பட்டால் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும் கேடே என்ற புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வைத்து, செல்லின் ஒரு பகுதியில் மட்டும் ஒளி பாய்ச்சினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பச்சையும் சிவப்பும் கலந்து எல்லாமே மஞ்சளாயின. இந்தக் கலப்பு தேவையானதே: தாவரச் செல்லில் ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியத்திலும் முழு மரபணுத் தொகுப்பு இருப்பதில்லை, டிஎன்ஏ அறவே இல்லாதவையும் உண்டு.