யார் வீட்டில் எழவு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன மாதம் ஒரு பதிவில் போகிற போக்கில் பாரடைஸ் லாஸ்ட் என்ற இசைக்குழுவின் 'டிராகோனியன் டைம்ஸ்' ஆல்பத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். கோதிக் மெட்டல் என்ற இசை வகையின் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் போட்டேன். ஆரம்பத்தில் பியானோ வந்தபோது நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் ஒரே இரைச்சல். சமையலறையிலிருந்து அம்மா "யார் வீட்டுலடா எழவு?" என்று கேட்டார். எனக்கும் ஒப்பாரி மாதிரிதான் பட்டது, அதுவும் ஒரு வார்த்தைகூடப் புரியாத ஒப்பாரி. மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை சார், இதில் எதைக் கேட்கிறீர்கள்? இருக்கிற கவலை போதாதென்று சோகத்தைத் தேடிப் போய்க் கேட்க வேண்டுமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

அம்மா கேட்டது சரியான கேள்வி. வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே யார் வீட்டு எழவு என்று இன்னும் தெரியாது. ஒப்பாரியில் அது தெரிந்துவிடும். செத்தவர் என்ன உறவு, யாருக்கு என்ன செய்தார், எந்தத் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த சேலை, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள் அலைந்தோம், எல்லாம் பாட்டிலேயே வந்துவிடும். இங்கே பிணமே கிடையாது. அதனால் ஒப்பாரி என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழவு வீட்டுக்குள் நுழைந்ததும், யாரும் இன்னும் அழ ஆரம்பிக்காத ஒரு கணம் இருக்கும் பாருங்கள், அது என்றால் சரி.

முதலில் ஒரு சில்லறை விஷயம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிட்டாரின் தடித்த தந்தியை வழக்கமான சுருதியில் மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு, மெட்டல் என்கிற கனத்த ராக் இசைக்காரர்கள் பெரும்பாலும் அதற்கும் கீழே இறக்கிக்கொள்வார்கள். போனில் இருக்கிற குட்டி ஸ்பீக்கரால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அடிப்பகுதி மொத்தமும் காணாமல் போய், மேலே இருக்கிற கரகரப்பு மட்டும் வெளியே வரும். அம்மா கேட்டது அந்தக் கரகரப்பைத்தான். சுமாரான இயர்போன் போதும், பெரிய செலவெல்லாம் வேண்டாம்.

அப்புறம், வார்த்தை. நீங்கள் வார்த்தையைத் தேடியிருக்கிறீர்கள். பாடுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது சினிமாப் பாட்டில் வளர்ந்த நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம், பாட்டென்றால் நமக்கு வரிதான். இந்த ஆல்பத்தில் வரிகளை எழுதிப் பாடுபவர் நிக் ஹோம்ஸ், மெட்டெல்லாம் கிட்டார்காரர் கிரெகர் மெக்கின்டாஷ். என் காதுக்கு இதில் பாடகரே மெக்கின்டாஷ்தான். ஹோம்ஸ் பக்கவாத்தியம். இன்னொரு கிட்டார்காரர் ஆரன் ஏடி கீழே கனமாக, திரும்பத் திரும்ப, சுவர் எழுப்புகிற மாதிரி அடித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சுவருக்கு மேலே ஒரே ஒரு தந்தியில், ஒவ்வொரு சுரமாக, மெதுவாக மெக்கின்டாஷின் மெட்டு போகும். வேகம் காட்டுகிற வித்தையே கிடையாது. உங்களால் வாயில் முணுமுணுக்க முடியும், அவ்வளவு எளிமையான மெட்டு. ஹோம்ஸ் நிறுத்துகிற இடத்தில் அது எடுத்துக்கொள்ளும். அந்த ஒன்றை மட்டும் விடாமல் பின்தொடர்ந்து பாருங்கள், வார்த்தை புரிகிறதா இல்லையா என்பதே மறந்துபோகும்.

நீங்கள் இரைச்சல் என்று சொன்னீர்கள் அல்லவா, அந்த இரைச்சல் இல்லாவிட்டால் இந்த மெட்டே நிற்காது. சாதாரண கிட்டாரில் தந்தியைத் தட்டினால் ஒலி உடனே தேய ஆரம்பித்துவிடும். டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது, அதை ஏற்றும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது, மெல்லிய பகுதி தூக்கிவிடப்படுகிறது, ஆகவே தந்தியின் அதிர்வு குறைந்துகொண்டே வந்தாலும் நம் காதுக்கு வருகிற அளவு ரொம்ப நேரம் குறையாமல் நிற்கும். தட்டி வாசிக்கிற வாத்தியம் வயலின் மாதிரி இழுத்து வாசிக்கிற வாத்தியமாக மாறிவிடுகிறது. அப்படி நிற்கிற நேரத்தில்தான் மெக்கின்டாஷ் விரலால் தந்தியை மேலே தள்ளிச் சுரத்தை வளைத்து, கொஞ்சம் நடுங்கவிட்டு, இறக்குகிறார். அழுகை என்று உங்களுக்குப் பட்டது அந்த இறக்கமாக இருக்கும்.

ஆட்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்று ஓர் ஊர், கம்பளியும் கம்பளமும் நெய்து பிழைத்த ஊர். அங்கே டீன் கிளஃப் என்ற ஆலை ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய கம்பள ஆலையாக இருந்து, 1980-களின் தொடக்கத்தில் இழுத்து மூடப்பட்டது. 1988-இல் இந்தக் குழு அங்கே தொடங்கியது. மூடிய ஆலையிலிருந்து சோக இசை பிறந்தது என்று எழுதுவது எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பக்கத்திலேயே லீட்ஸ் நகரம் இருந்தது என்பது அதைவிட முக்கியம். சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்ற கோதிக் ராக் குழு 1980-இல் தொடங்கியது அங்கேதான். புகை, கருப்புக் கண்ணாடி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். பாரடைஸ் லாஸ்ட் ஆட்கள் அதையும் கேட்டார்கள், உறுமலாகவே பாடுகிற டெத் மெட்டலையும் கேட்டார்கள். 1991-இல் இரண்டையும் கலந்து, மேலே ஒரு பெண் குரலையும் சேர்த்து 'கோதிக்' என்றே ஓர் ஆல்பம் போட்டார்கள். அந்தத் தலைப்பு கடைசியில் ஒரு வகைக்கே பெயராக நின்றுவிட்டது. அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் ஹோம்ஸ் பாடுவதில்லை, உறுமுகிறார். அம்மா வீட்டை விட்டே போய்விடுவார். 1995-இல் நீங்கள் கேட்ட ஆல்பம் வருவதற்குள் உறுமல் போய், கரகரப்பான ஆனால் ராகம் உள்ள குரல் வந்துவிட்டது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அது 16-ஆம் இடம் வரை போனது.

நானே இதை ஒழுங்காகக் கேட்கச் சில வருடம் ஆனது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது அறை நண்பன் ஒரு எம்பி3 சிடி எழுதிக் கொடுத்தான். கோப்புகளுக்கு எண் போடாமல் வெறும் பாட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தான், கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஆங்கில அகரவரிசையில் அடுக்கிக்கொண்டது. ஆகவே எனக்கு அந்த ஆல்பம் 'இலூசிவ் க்யூர்' என்ற பாட்டில் தொடங்கும். உண்மையில் அது ஏழாவது பாட்டு. கடைசியாக வரவேண்டிய 'ஜேடட்' நட்டநடுவில், ஏழாவதாக வரும். நீங்கள் கேட்ட பியானோ, அதாவது முதல் பாட்டான 'என்சான்ட்மென்ட்', இரண்டாவதாக வந்து நிற்கும். ஏன் நடுவில் திடீரென்று பியானோ என்று எனக்குப் புரிந்ததே இல்லை, அதுவும் ஓர் அழகு என்று ஒரு நண்பனிடம் வியாக்கியானமெல்லாம் செய்திருக்கிறேன். பல வருடம் கழித்து சிடி உறையின் பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி சரியான வரிசையில் பன்னிரண்டு பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். பியானோ முதலில் வந்ததும் ஒரு மாதிரி வெட்கமாகிவிட்டது.

சோகத்தைத் தேடிப் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இதைக் கேட்டு எனக்குச் சோகம் வந்ததில்லை, சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. நமக்கு வருகிற கவலை துண்டு துண்டாக வரும். வாடகை, மாமனார் உடம்பு, ஆபீஸ் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாது. இந்த ஆல்பத்தில் கவலை ஒரே சீராக, ஒரே நிறத்தில், தொடக்கமும் முடிவும் உள்ளதாக இருக்கிறது. சுமார் 50 நிமிடத்தில் முடிந்தும் போகிறது. எனக்கு அது ஓய்வு மாதிரி. எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மனசு உண்மையிலேயே சரியில்லாத நாளில் நானே இதைப் போடுவதில்லை, அன்றைக்கு பி.சுசீலாதான். இன்னொன்று, இந்தப் பாட்டுக்காரர்கள் ஒன்றும் சாவு முகத்தோடு திரிகிறவர்கள் இல்லை. ஹோம்ஸ் மேடையில் பாட்டுக்குப் பாட்டு நடுவே சிரிப்பே காட்டாமல் நக்கலடிப்பதில் பேர்போனவர்.

நீங்கள் நிறுத்திய மூன்றாவது பாட்டு, 'தி லாஸ்ட் டைம்', இருப்பதிலேயே துள்ளலான பாட்டு என்பது தெரியாமல் நிறுத்திவிட்டீர்கள் என்பதில் எனக்கு லேசான வருத்தம். மறுபடி கேளுங்கள். இந்த முறை ராத்திரி, இயர்போனில், முதலிலிருந்து, பியானோ முடிந்ததும் அந்த ஒற்றைத் தந்தி எங்கே நுழைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு. இயர்போன் என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்ததாக நீங்கள் கேட்கப்போகிற நான்காவது பாட்டு 'ஃபாரெவர் ஃபெய்லியர்'. அதில் நடுநடுவே ஓர் ஆள் பேசுவார். அது சார்லஸ் மேன்சன், அமெரிக்காவில் கொலை வழக்கில் ஆயுள் கைதியாக இருந்தவர். யார்டா பேசுறது என்று அம்மா கேட்டால், என் பெயரைச் சொல்லாதீர்கள்.