விண்டோஸ் இருக்கட்டும், படங்கள் மட்டும் திரும்பி வரக்கூடாது

லப்டொப்பைக் கல்முனைக் கடைக்குக் கொண்டுபோக முன், படங்களை யாரும் மீட்க முடியாதபடி அழிப்பது எப்படி என்று கேட்டீர்கள். அதற்கு விண்டோஸைக் கழற்றத் தேவையில்லை. உங்களிடம் இருப்பது விண்டோஸ் 11 என்றபடியால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போய் 'ரீசெட் பிசி'யை அழுத்துங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' தெரிவு செய்து, பிறகு 'சேஞ்ச் செட்டிங்ஸ்' போய் 'கிளீன் டேட்டா'வை (அழித்த கோப்புகளை மீட்பதைக் கடினமாக்கும் தெரிவு) ஆன் பண்ணுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் கவனிப்பதில்லை.

டி டிரைவை ஃபோமற் செய்த பிறகும், அழிந்த கோப்புகளை மீட்கும் ரிகவரி மென்பொருளில் கல்யாணப் படங்கள் வந்தன என்றீர்கள். குவிக் ஃபோமற் செய்திருப்பீர்கள். அது கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கும். படங்கள் டிஸ்க்கிலேயே கிடக்கும். அதனால் அதே இடத்தில் எல்லா டிரைவ்களையும் அழிக்கும் தெரிவையும் ஆன் பண்ணுங்கள். இல்லாவிட்டால் சி மட்டும்தான் துப்புரவாகும்.

விண்டோஸை எப்படித் திரும்பப் போடுவது என்று கேட்கும்போது 'கிளவுட் டவுன்லோட்' வேண்டாம், அது இணையத்திலிருந்து இறக்கும், 4 ஜிபிக்கு மேல் டேட்டா தின்னும். 'லோக்கல் ரீஇன்ஸ்டோல்' போதும்.

முடிந்ததும் அதே ரிகவரி மென்பொருளை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். அதன் பிறகு கல்முனைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்று: ஹார்ட் டிஸ்க் என்றால் இது மணிக்கணக்கில் ஓடும். மட்டக்களப்பில் கரண்ட் போகிற நாளில் தொடங்காதீர்கள், அதுவும் உங்கள் பற்றரி பழசு என்கிறீர்கள். வேண்டிய படங்களை லப்டொப்புக்கு வெளியே உள்ள வேறு டிரைவுக்கு மாற்றி, அவை திறக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.